பயந்தால் குழந்தை யாரிடம் ஓடுகிறது: வட ஆற்காட்டுச் சமூகப் பணியாளர்களுக்குப் பிணைப்புக் கோட்பாட்டு வழிகாட்டி

பழைய வட ஆற்காட்டுப் பகுதிகளான வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் குழந்தைகள் பாதுகாப்புப் பணிக்குப் புதிதாக வருகிறவர்கள் எழுதும் சமூக விசாரணை அறிக்கைகளைப் பல ஆண்டுகளாகப் படித்துத் திருத்தி வருகிறேன். வீட்டுக் கூரை ஓடா தகரமா, தந்தைக்குக் குடிப்பழக்கம் உண்டா, மாத வருமானம் எவ்வளவு, வட்டிக்கு வாங்கிய கடன் எவ்வளவு, ரேஷன் அட்டை யார் பெயரில் இருக்கிறது என்பதெல்லாம் அவற்றில் ஒழுங்காக இருக்கும். இரவில் கரண்ட் போய் வீடு இருட்டானால் அந்தக் குழந்தை யாருடைய மடியைத் தேடிப் போகிறது என்பது மட்டும் பெரும்பாலும் இருக்காது.

அந்த ஒரு கேள்வியைச் சரியாகக் கேட்கவும், விடையைக் கண்ணால் பார்த்து உறுதி செய்யவும், பார்த்ததை அறிக்கையில் எழுதவும், அந்த விடையில் வருகிற ஆளைக் குழந்தையின் வாழ்க்கையில் தக்கவைக்கவும் பிணைப்புக் கோட்பாடு நமக்குக் கற்றுக்கொடுக்கிறது. கல்லூரியில் அட்டாச்மென்ட் தியரி என்று படித்ததைத்தான் பிணைப்புக் கோட்பாடு என்கிறேன். தேர்வுக்காக நான்கு வகைகளின் பெயர்களை மனப்பாடம் செய்தவர்கள் களத்துக்கு வந்ததும் குழந்தைகளை அந்த நான்கில் ஒன்றில் அடைக்கப் பார்க்கிறார்கள். இந்த வழிகாட்டி அந்தப் பழக்கத்தை மாற்றுவதற்காக எழுதப்பட்டது.

கோட்பாடு சொல்வது

ஆறேழு மாதம் ஆன குழந்தை, தன்னைத் தொடர்ந்து கவனித்துக்கொள்ளும் ஓரிருவரை மற்றவர்களிடமிருந்து பிரித்து அடையாளம் வைத்துக்கொள்கிறது. பயம், வலி, காய்ச்சல், புது முகம் என்று எது வந்தாலும் அவர்களை நெருங்குவதற்காக அழுகிறது, தவழ்கிறது, கையை நீட்டுகிறது, நெருங்கியதும் அடங்குகிறது, அடங்கிய பிறகு மடியிலிருந்து இறங்கி மறுபடி விளையாடப் போகிறது, போகும்போதே இடையிடையே திரும்பிப் பார்த்துக்கொள்கிறது. பயந்தபோது ஒதுங்கும் இடமாகவும், தைரியம் வந்ததும் புறப்படும் இடமாகவும் ஒரே ஆள் இருப்பதைத்தான் லண்டன் மனநல மருத்துவர் ஜான் போல்பியும் உளவியலாளர் மேரி எய்ன்ஸ்வொர்த்தும் விரிவாக எழுதினார்கள். கூப்பிட்ட குரலுக்கு ஆள் வருமா, வந்தால் அணைக்குமா, அதட்டுமா என்று குழந்தை தினமும் பார்த்துப் பார்த்து மனத்துக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொள்கிறது. பள்ளிக்கூட ஆசிரியரையும், பின்னாளில் நம்மையும் அது அந்தக் கணக்கை வைத்துத்தான் அளக்கிறது.

சோறு போடுகிறவரிடம்தான் குழந்தை ஒட்டிக்கொள்ளும் என்று இங்கே பலர் நம்புகிறார்கள். அமெரிக்காவில் உளவியலாளர் ஹாரி ஹார்லோ 1958-ல் வெளியிட்ட குரங்குக்குட்டி ஆய்வில், பால் புட்டி பொருத்திய கம்பிப் பொம்மையிடம் குட்டிகள் பால் குடிக்க மட்டுமே போயின. மற்ற நேரமெல்லாம் பால் தராத துணிப் பொம்மையைக் கட்டிக்கொண்டு கிடந்தன. மூன்று வேளைச் சாப்பாடும் தனிக் கட்டிலும் உள்ள குழந்தைகள் இல்லத்தில் ஒரு குழந்தை ஏன் வாடுகிறது என்று கேட்கப்படும்போது இந்த ஆய்வை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இது வெள்ளைக்காரத் தாய்மார்களைப் பார்த்து எழுதிய கோட்பாடு, நம் கூட்டுக் குடும்பத்துக்குப் பொருந்தாது என்று சில மூத்தவர்கள் சொல்வதுண்டு. எய்ன்ஸ்வொர்த்தின் முதல் கள ஆய்வு 1954-55-ல் உகாண்டாவில், கம்பாலாவை ஒட்டிய கிராமங்களில் 26 குடும்பங்களிடையே நடந்தது என்பதை அவர்களுக்குச் சொல்லலாம். வீடு வீடாகப் போய், தரையில் உட்கார்ந்து, குழந்தை யாரைப் பார்த்துச் சிரிக்கிறது, யார் எழுந்து போனால் அழுகிறது என்று அவர் குறித்துக்கொண்டார். நம் வீட்டுப் பார்வைக்கு நெருக்கமான வேலை அது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் அவர் செய்த ஆய்வு அதற்குப் பின்னால்தான் வந்தது. போல்பியின் தொடக்க எழுத்துகளில் தாய் ஒருத்தியின் மேலேயே எல்லா எடையும் விழுந்தது உண்மை. பிரிட்டிஷ் மனநல மருத்துவர் மைக்கேல் ரட்டர் போன்றவர்கள் 1970-களில் அதைக் கேள்வி கேட்டுத் திருத்தினார்கள். ஒரு குழந்தைக்குப் பிணைப்பு ஆட்கள் இரண்டு மூன்று பேர் இருக்கலாம், ஆனால் பத்துப் பேர் இருக்க முடியாது, அந்த இரண்டு மூன்று பேரிலும் ஆபத்து வேளையில் குழந்தைக்கு ஒரு வரிசை உண்டு என்பதே இன்று நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய புரிதல்.

அந்த ஆளைக் கண்டுபிடிக்கும் கேள்விகள்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கத்தில் ஷூ கம்பெனிக்கும் தோல் தொழிற்சாலைக்கும் போகிற தாய், கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கக் காலையிலேயே கிளம்பிவிடுகிறாள். பகல் முழுவதும் குழந்தை ஆயாவிடமோ (இந்தப் பக்கத்தில் ஆயா என்றால் பாட்டி), உருது பேசும் வீடானால் நானியிடமோ, பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடமோ இருக்கிறது. குடியாத்தத்தில் பீடி சுற்றும் தாய் நாள் முழுக்க வீட்டிலேயே இருக்கிறாள், ஆனால் அவள் மடியில் முறம் இருக்கிறது. ஜவ்வாது மலையில் தாயும் தந்தையும் கூலிக்கு வெளியூர் போய் மாதக்கணக்கில் வராமல் இருப்பதும், செம்மர வழக்கில் தந்தை ஆந்திரச் சிறையில் கிடப்பதும், எட்டு வயது அக்கா இரண்டு வயதுத் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு அலைவதும் உண்டு. ஆகையால் "குழந்தையை யார் வளர்க்கிறார்கள்?" என்று பொதுவாகக் கேட்டால், எந்த வீட்டிலும் "நாங்கதான் வளர்க்கிறோம்" என்ற பதில்தான் வரும்.

நேற்றைய ஒரு நாளைக் கேளுங்கள். காலையில் யார் எழுப்பினார்கள், யார் தண்ணீர் ஊற்றினார்கள், மதியம் யார் கையால் சாப்பிட்டது, ஏணையில் யார் போட்டு ஆட்டினார்கள், இரவில் யார் பக்கத்தில் படுத்தது என்று வரிசையாகக் கேட்டால் வீட்டின் உண்மையான அமைப்பு அவர்கள் வாயாலேயே வெளிவரும். அதன் பிறகு கஷ்டமான நேரங்களைக் கேளுங்கள்: "போன தடவை ஜுரம் வந்தப்ப யார் தூக்கினாத்தான் சும்மா இருந்தான்?", "கீழ விழுந்தா யாரக் கூப்பிட்டு அழுவுறான்?", "நீங்க பஸ் ஏறிப் போறப்ப என்ன பண்ணுவான், சாயங்காலம் திரும்பி வர்றப்ப என்ன பண்ணுவான்?" கடைசிக் கேள்வியை எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள். பிரிவதைவிடத் திரும்பச் சேர்கிற நேரமே பிணைப்பை அதிகம் காட்டுகிறது.

ஆயாவிடம் தனியாகப் பேசுவதற்கு நேரம் ஒதுக்குங்கள். வயதானவர்கள் மகள், மருமகள் முன்னால் உள்ளதைச் சொல்லத் தயங்குவார்கள். சொன்னால் தாயைக் குறை சொன்னதாகிவிடுமோ என்ற அச்சம் அவர்களுக்கு இருக்கும். "ஆயா, உங்ககிட்டதான் அவன் நல்லா இருக்கான்னு அவங்க அம்மாவே சொன்னாங்க" என்று தொடங்கினால் அந்தத் தயக்கம் குறையும். ஆனால் தாய் அப்படிச் சொல்லியிருந்தால் மட்டுமே அதைச் சொல்ல வேண்டும்.

பார்ப்பது எப்படி

வீட்டுக்குள் நுழைந்ததும் குழந்தையைக் கூப்பிடாதீர்கள், மிட்டாய் நீட்டாதீர்கள், செல்போனில் படம் காட்டாதீர்கள். தாழ்வாரத்திலோ தரையிலோ உட்கார்ந்து பெரியவர்களிடம் பேச்சுக் கொடுங்கள். நீங்கள் அந்நியர், உங்கள் வருகையே அந்தக் குழந்தைக்கு ஒரு சின்னப் பயம். அந்தப் பயத்தை அது யாரிடம் கொண்டுபோய் இறக்குகிறது என்பதைப் பார்ப்பதற்கு உங்களுக்குக் கிடைக்கும் முதல் ஐந்து நிமிடங்கள் பிறகு திரும்பி வராது.

ஒரு குழந்தை ஓடிப்போய் ஆயாவின் புடவைக்குப் பின்னால் ஒளிந்து, அங்கிருந்தே உங்களை எட்டிப் பார்த்து, பத்து நிமிடத்தில் உங்கள் பையைத் தொட்டுப் பார்க்க வந்துவிட்டால் அங்கே பெரும்பாலும் கவலைக்கு இடமில்லை. இன்னொரு குழந்தை தாயை விடாமல் பற்றிக்கொள்ளும், தூக்கினால் உதைக்கும், இறக்கினால் அலறும். தாய் எப்போது கவனிப்பாள், எப்போது கவனிக்கமாட்டாள் என்று கணிக்க முடியாத வீடுகளில் இதை அடிக்கடி பார்க்கலாம். சற்று உரக்க அழுதால்தான் ஆள் வரும் என்று அந்தக் குழந்தை அனுபவத்தில் கற்றிருக்கிறது. அதைப் பிடிவாதம் என்று எழுதிவிடாதீர்கள்.

எனக்கு எப்போதும் அதிகக் கவலை தருவது, எல்லோரும் சமத்து என்று மெச்சுகிற குழந்தைதான். விழுந்தால் அழாமல் எழுந்து தட்டிவிட்டுக்கொள்ளும். தாய் வேலைக்குப் போனால் நிமிர்ந்து பார்க்காது, வந்தாலும் பார்க்காது. அழுதால் விரட்டப்படுவோம் என்று தெரிந்துகொண்ட குழந்தை அழுகையை உள்ளுக்குள் அமுக்கப் பழகிவிடுகிறது. இப்படி ஒதுங்கிய குழந்தைகளின் இதயத் துடிப்பை ஆய்வாளர்கள் அளந்தபோது, வெளியே அமைதியாக இருந்தவர்களுக்கும் உள்ளே படபடப்பு இருந்தது தெரிந்தது. எனவே சமத்து என்ற சொல்லைக் கேட்டவுடன் கூடுதலாக அரை மணி நேரம் அங்கே உட்காருங்கள்.

அதுபோலவே, பார்த்த மாத்திரத்தில் உங்கள் மடியில் ஏறிக்கொண்டு, புறப்படும்போது உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு வண்டிவரை வருகிற மூன்று வயதுக் குழந்தையைப் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். பெரிய இல்லங்களில் ஆட்கள் மாறி மாறிப் பார்த்துக்கொண்ட குழந்தைகளிடம் இதை அதிகம் காணலாம். "நல்லா பழகுறா மேடம்" என்று இல்லத்தில் பெருமையாகச் சொல்வார்கள். யாரிடமும் போகிற குழந்தைக்கு, இன்னாரிடம் போக வேண்டும் என்று ஓர் ஆள் வாய்க்கவில்லை என்று பொருள் இருக்கலாம்.

பாடநூல்கள் நான்காவதாகச் சொல்லும் வகையையும் சொல்ல வேண்டும். தாயை நோக்கி ஓடிவந்த குழந்தை பாதியில் உறைந்து நிற்பதும், முகத்தைத் திருப்பிக்கொண்டே பின்பக்கமாக நெருங்குவதும், தூக்கியதும் கண் வெறித்துப்போவதும் ஒழுங்குகுலைந்த பிணைப்பின் அடையாளங்களாகப் பாடநூல்களில் இருக்கும். ஓட வேண்டிய இடமே பயத்தின் இடமாகவும் இருந்தால் குழந்தை அப்படித் திணறும். ஆனால் தூக்கக் கலக்கம், காய்ச்சல், நீண்ட பிரிவு, தாயின் தீராத துக்கம் என்று வேறு பல காரணங்களாலும் இது நேரலாம். இந்தத் துறையின் முதன்மை ஆய்வாளர்கள் பலர் சேர்ந்து 2017-ல் வெளியிட்ட கூட்டுக் கட்டுரையில், ஒரு தனிக் குழந்தையிடம் இத்தகைய நடத்தை தெரிந்ததை வைத்து அந்த வீட்டில் கொடுமை நடக்கிறது என்று முடிவு கட்டக்கூடாது என்று தெளிவாக எழுதினார்கள். இதை ஒரு கேள்வியாக எடுத்துக்கொண்டு, மேலும் இரண்டு முறை வீட்டுக்குப் போய்ப் பாருங்கள்.

"அம்மா, கொஞ்சம் வெளியில போய் நில்லுங்க, பையன் என்ன பண்றான்னு பாக்கலாம்" என்று ஒரு பயிற்சி மாணவர் ஒரு தாயிடம் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். எய்ன்ஸ்வொர்த்தின் அந்நியச் சூழல் சோதனை ஏறக்குறைய ஒன்று முதல் ஒன்றரை வயதுவரை உள்ள குழந்தைகளுக்காக, தனி அறையில், இருபது நிமிட அளவில், பிரிவும் சேர்க்கையும் எட்டுக் கட்டங்களாகத் திட்டமிடப்பட்டது. அதைப் படித்து மதிப்பிடுவதற்கே நீண்ட பயிற்சி வேண்டும். கிணற்றடியிலும் தெருவாசலிலும் அதை நடத்திப் பார்ப்பது குழந்தைக்கு நாம் செய்யும் தீங்கு.

அறிக்கையில் எழுதும் விதம்

2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தைகளைப் பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக்குழுவின் முன் வரும் குழந்தையைப் பற்றிய சமூக விசாரணை பதினைந்து நாட்களுக்குள் முடிய வேண்டும். குழுவினர் அந்தக் குழந்தையைச் சில நிமிடங்களே பார்ப்பார்கள். மீதியை உங்கள் எழுத்தின் வழியாகத்தான் பார்க்கிறார்கள். "தாய்க்கும் குழந்தைக்கும் பிணைப்பு இல்லை" என்று ஒரு வரி எழுதினால் அந்த வரி குழந்தையின் கோப்பில் பல ஆண்டுகள் தங்கி, படிக்கிறவர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு தீர்ப்பாக மாறும்.

அதற்குப் பதிலாகப் பார்த்ததை எழுதுங்கள். "தாய் மாலை ஆறரை மணிக்குத் திரும்பியபோது குழந்தை எழுந்து அவரிடம் போகவில்லை, ஆயாவின் மடியிலேயே இருந்தது. சுமார் கால் மணி நேரம் கழித்துத் தாய் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்ததும் அவர் முதுகில் சாய்ந்துகொண்டது. பகல் முழுவதும் ஆயாவே பார்த்துக்கொள்வதாக மூவரும் தனித்தனியே சொன்னார்கள். ஜுரத்தில் குழந்தை ஆயாவையே கேட்டதாகத் தாய் சொன்னார். இந்தப் பணியாளரின் கருத்தில், பயத்தில் குழந்தை முதலில் தேடும் ஆள் ஆயா, அடுத்தவர் தாய்." இவ்வளவு எழுதிவிட்டால், இருவரையும் விட்டுவிட்டு வசதியான ஒரு தூரத்து உறவினரிடம் குழந்தையைக் கொடுப்பதற்கு முன் குழு ஒருமுறை யோசிக்கும். நீங்கள் பார்த்தது, பிறர் சொன்னது, உங்கள் கருத்து ஆகிய மூன்றும் வாக்கியத்திலேயே பிரிந்து தெரிய வேண்டும்.

அந்தக் குழந்தைக்கென்று தனியாக எழுதும் தனிநபர் பராமரிப்புத் திட்டத்திலும் அந்த ஆளின் பெயர் வர வேண்டும். ஆயா எழுபது வயதானவர், சர்க்கரை நோயாளி என்பதைக் குறையாக மட்டும் பதியாமல், அவரால் தொடர முடிய என்ன வேண்டும் என்று எழுதுங்கள். மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் கீழ்த் தகுதியுள்ள குழந்தைக்குக் குடும்பத்திலேயே இருப்பதற்காக மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு கிடைக்கும். பலர் அதைப் பொருளாதார உதவி என்ற தலைப்பில் தள்ளிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், குழந்தையை ஆயாவிடமே தங்கவைக்கிற அந்தத் தொகை இந்த மாவட்டத்தில் நம் கையில் உள்ள சிறந்த பிணைப்புக் கருவிகளில் ஒன்று. விண்ணப்பத்தை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கொடுத்துவிட்டு வந்ததோடு விடாமல், அது நகரும்வரை பின்தொடருங்கள்.

பிரிக்க வேண்டிய கட்டாயம் வரும்போது

அடி, பாலியல் வன்முறை, உயிராபத்து உள்ள வீட்டில் பிணைப்பைக் காரணம் காட்டிக் குழந்தையை விட்டுவைக்க முடியாது. அடிக்கிற தந்தையிடமும் குழந்தைக்குப் பிணைப்பு இருக்கும். அது ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டால், அடித்ததாகச் சொன்னது பொய் என்று ஆகிவிடாது. பிரிப்பது முடிவான பிறகு, எப்படிப் பிரிப்பது என்பதில்தான் நம் கவனம் முழுவதும் இருக்க வேண்டும்.

போல்பியோடு வேலை பார்த்த ஜேம்ஸ் ராபர்ட்சன் ஒரு சமூகப் பணியாளர். அந்தக் காலத்து ஆங்கிலேய மருத்துவமனைகளில் பெற்றோருக்கு அனுமதி மிகக் குறைவாக இருந்தது. தனியே விடப்பட்ட சிறு குழந்தைகள் முதலில் அழுது எதிர்ப்பதையும், பிறகு சோர்ந்து ஒடுங்குவதையும், கடைசியில் யாரையும் பொருட்படுத்தாதவர்களாக மாறுவதையும் அவர் பார்த்துப் பதிவு செய்தார். செவிலியர்கள் மூன்றாவது கட்டத்தைப் பார்த்து, குழந்தை பழகிவிட்டது என்று நிம்மதி அடைந்தார்கள். பெற்றோர் வந்து போனதும் குழந்தை மறுபடி அழுததால், பெற்றோர் வராமல் இருப்பதே நல்லது என்றும் நினைத்தார்கள். நம் இல்லங்களில் இன்றும் அதே வார்த்தைகளைக் கேட்கிறேன்: "அவங்க அம்மா வந்துட்டுப் போனா ரெண்டு நாள் சாப்பிட மாட்டேங்குது சார், வர வேணாம்னு சொல்லிடுங்க." அந்த இரண்டு நாள் அழுகை குழந்தைக்கு இன்னும் நம்பிக்கை இருக்கிறது என்பதன் அடையாளம் என்று பராமரிப்பாளருக்குப் பொறுமையாக விளக்குங்கள். பார்க்க வருவதை நிறுத்தாமல், வந்து போன பிறகு குழந்தையோடு இருக்க ஒரு குறிப்பிட்ட ஆளை ஏற்பாடு செய்யுங்கள்.

இதற்கு நம் ஊரிலேயே ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1957-ல் பாகாயத்தில் தொடங்கிய மனநல மையம், நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சையில் பங்கெடுக்கும் முறையைத் தன் வழக்கமாக வைத்துக்கொண்டது. அது பெரியவர்களுக்குச் சாத்தியமாகும்போது, மூன்று வயதுக் குழந்தை இல்லத்துக்குப் போகிற முதல் நாளில் ஆயா மாலைவரை உடன் இருப்பதும் சாத்தியமே.

எடுத்துச் செல்லும் பையில் என்ன வைக்கிறோம் என்பதும் முக்கியம். ஏணை கட்டிய பழைய புடவையைத் துவைக்காமல் அப்படியே கொடுங்கள், அந்த வாசம் குழந்தைக்கு வேண்டும். ஆயா, அம்மா, தங்கை இருக்கும் ஒரு புகைப்படத்தை அச்செடுத்துக் கொடுங்கள். குழந்தையை என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள், எப்படித் தட்டினால் தூங்கும், எதற்குப் பயப்படும் என்று அரைப் பக்கம் எழுதி இல்லத்துப் பராமரிப்பாளர் கையில் கொடுங்கள். உடன்பிறந்தவர்களை வயதையும் பாலையும் காரணம் காட்டி இரண்டு இல்லங்களுக்குப் பிரிப்பதை உங்களால் முடிந்தமட்டும் எதிர்த்து எழுதுங்கள். தம்பியை இடுப்பில் சுமந்த அந்த எட்டு வயது அக்காதான் அவனுக்குக் கடைசியாக மிஞ்சிய பிணைப்பு ஆளாக இருக்கலாம்.

குழந்தையிடம் பொய் சொல்லாதீர்கள். "கடைக்குப் போயிட்டு வந்துடலாம்" என்று வண்டியில் ஏற்றிய குழந்தை அதற்குப் பிறகு எந்தப் பெரியவருடனும் நிம்மதியாகக் கடைக்குப் போகாது. "இப்போ வேற வீட்டுக்குப் போறோம். அம்மா வரல. ஞாயித்துக்கிழமை அம்மா உன்னப் பாக்க வருவாங்க. நீ அழுதாலும் நான் உன்கூடத்தான் இருப்பேன்" என்ற அளவில் சொன்னால் இரண்டு வயதுக் குழந்தைக்கும் உங்கள் குரலின் நேர்மை புரியும். ஞாயிற்றுக்கிழமை தாய் வருவது உறுதியாகத் தெரியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லாதீர்கள்.

வேலூர் பெண்கள் தனிச்சிறை இருக்கும் மாவட்டத்தில் வேலை செய்கிறவர்கள் இன்னொன்றையும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். 2006-ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி சிறையிலிருக்கும் தாயோடு குழந்தை ஆறு வயதுவரை இருக்கலாம். ஆறாவது பிறந்த நாளில் வெளி உலகத்தையும் பாட்டி வீட்டையும் முதன்முதலாகக் காட்டுவதைப் போன்ற கொடிய பிரிவு வேறு இல்லை. நான்கரை வயதிலிருந்தே பாட்டியையோ சித்தியையோ வாரந்தோறும் வரவழைத்து, பிறகு ஒரு பகல், பிறகு ஓர் இரவு, பிறகு இரண்டு இரவுகள் என்று குழந்தை போய் வருவதற்கு அனுமதி கேளுங்கள். ஒவ்வொரு முறையும் தாயே குழந்தையை அந்தப் புதிய ஆளின் கையில் கொடுக்கட்டும். தாயின் முகத்தைப் பார்த்துத்தான் குழந்தை அந்தப் புதிய மடி பத்திரமானதா என்று முடிவு செய்கிறது.

தாயோடு வேலை செய்வது

குழந்தையை அதட்டுகிற, தூக்காத, கண்ணெடுத்துப் பார்க்காத தாயைக் கண்டால் நமக்குக் கோபம் வரும். அந்தக் கோபத்தோடு அறிவுரை சொன்னால் அவள் நம்மையும் தன்னைத் திட்டியவர்களின் வரிசையில் சேர்த்துவிடுவாள். சமூகப் பணி படித்துப் பிறகு உளப்பகுப்பாய்வாளரான செல்மா ஃப்ரெய்பர்க் 1975-ல் எழுதிய கட்டுரையில், தன் சிறு வயது அழுகையை யாரும் கேட்காத தாய்க்குத் தன் குழந்தையின் அழுகையும் காதில் விழுவதில்லை என்பதையும், அவள் அழுகையை ஒருவர் உட்கார்ந்து கேட்ட பிறகு அவள் தானாகவே குழந்தையைத் தூக்கியதையும் பதிவு செய்திருக்கிறார். முதல் இரண்டு சந்திப்புகளில் குழந்தையைப் பற்றி அறிவுரை சொல்லாதீர்கள். "உங்களுக்கு ஒடம்பு முடியாம இருந்தா யார் பாத்துப்பாங்க அக்கா?" என்று கேட்டுவிட்டு, வருகிற பதிலை முழுவதும் கேளுங்கள். தூக்கமின்மை, எதிலும் பிடிப்பின்மை, சாக வேண்டும் என்ற பேச்சு தெரிந்தால் பேசிக்கொண்டிருக்காமல் மனநல மருத்துவரிடம் உடன் அழைத்துப் போங்கள்.

பிறகு, அவள் சரியாகச் செய்ததைச் செய்த அந்த நொடியிலேயே சுட்டிக்காட்டுங்கள். "இப்போ நீங்க திரும்பிப் பாத்ததும் சிரிச்சான், பாத்தீங்களா?" என்ற ஒரு வாக்கியம் நீண்ட உபதேசத்தைவிட அதிகம் வேலை செய்யும். எல்லா நேரமும் குழந்தைக்கு ஈடுகொடுக்க யாராலும் முடியாது என்பதையும் சொல்லுங்கள். நல்ல நிலையில் உள்ள தாயும் குழந்தையும்கூட மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கே ஒருவரோடொருவர் இசைந்திருக்கிறார்கள், மற்ற நேரத்தில் இசைவு தப்பித் தப்பிச் சேர்கிறது, சேர்வதே குழந்தைக்கு முக்கியம் என்பது அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக்கின் ஆய்வுகளில் வெளிப்பட்டது. பத்து மணி நேரம் கம்பெனியில் நின்றுவிட்டு வருகிற தாயிடம், கைகால் கழுவியதும் முதல் கால் மணி நேரம் குழந்தையோடு உட்காருங்கள், அதற்குப் பிறகு அடுப்படிக்குப் போங்கள் என்று மட்டும் கேளுங்கள். அந்தக் கால் மணி நேரத்துக்கு மாமியாரும் கணவரும் வழிவிட வேண்டும் என்று அவர்களிடம் பேசுவது உங்கள் பொறுப்பு.

வளர்ந்த பிள்ளைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். காட்பாடி ஜங்ஷனில் தனியாக நிற்கிற பன்னிரண்டு வயதுப் பையனை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக்குழுவின் முன் கொண்டுபோக வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன் அவனிடம் "ஏன் ஓடி வந்த?" என்று கேட்பதைவிட "நீ பத்திரமா இருக்கன்னு யார்கிட்ட சொல்லணும்?" என்று கேட்டால், அத்தை, பழைய டீச்சர், கூடப்பிறந்த அக்கா என்று அவன் சொல்லும் பெயரில் வழி தொடங்கும்.

செய்யக்கூடாதவை

பசியும் கடனும் சாதிக் கொடுமையும் குடியும் ஒரு வீட்டை உலுக்கும்போது அதற்குத் தாயின் பிணைப்புக் குறைவு என்று பெயர் வைக்காதீர்கள். கம்பெனியில் குழந்தைக் காப்பகம் இல்லை என்பது தாயின் குணக்குறை ஆகாது. இரண்டு வயதில் தவறியது என்றென்றைக்கும் தவறியது என்றும் எழுதாதீர்கள். ருமேனியாவில் புகாரெஸ்ட் நகர இல்லக் குழந்தைகள் 136 பேரிடையே நடந்த ஆய்வில், வளர்ப்புக் குடும்பத்துக்குப் போனவர்களில் பலருக்குப் பாதுகாப்பான பிணைப்பு உருவானது. இரண்டு வயதுக்கு முன் போனவர்களுக்கு அது கூடுதலாக வாய்த்தது. சீக்கிரம் செயல்பட வேண்டும் என்பதற்கு இது காரணம். நான்கு வயதுக் குழந்தையைக் கைவிடுவதற்கு இதைக் காரணமாக்க இடமில்லை.

பிணைப்புச் சிகிச்சை என்ற பெயரில் குழந்தையைக் கட்டாயமாக இறுக்கிப் பிடித்து, கண்ணைப் பார்க்கவைத்து, அடங்கும்வரை விடாத முறைகளை யாராவது பரிந்துரைத்தால் உடனே தடுத்துவிடுங்கள். அமெரிக்காவில் 2000-ல் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி இப்படிப்பட்ட சிகிச்சையில் மூச்சுத் திணறி இறந்தாள். போல்பியின் கோட்பாட்டுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் கிடையாது.

நீங்கள் விலகும் நாள்

வாரத்துக்கு இரண்டு நாள் களப்பயிற்சிக்கு வரும் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) மாணவர்களுக்கும், ஒப்பந்தம் முடிந்து போகிற பணியாளர்களுக்கும் இந்தப் பகுதி மிகவும் தேவை. தன்னை வளர்த்த தாதி தனக்கு நான்கு வயது நெருங்கும்போது வேலையை விட்டுப் போனது எவ்வளவு பெரிய இழப்பு என்பதைப் போல்பியே தன் வாழ்விலிருந்து அறிந்திருந்தார். சம்பளத்துக்கு வந்தவர், சில மாதங்களே இருந்தவர் என்ற கணக்கெல்லாம் குழந்தைக்குத் தெரியாது.

வருவதாகச் சொன்ன நாளில் வாருங்கள். முடியாவிட்டால் முதல் நாளே போன் செய்து குழந்தையிடமே சொல்லுங்கள். "நான்தான் இனிமே உனக்கு அம்மா மாதிரி" என்று எந்தக் குழந்தையிடமும் சொல்லாதீர்கள். விலகப்போவது தெரிந்தால் குறைந்தது ஒரு மாதம் முன்பே சொல்லி, காலண்டரில் கடைசி நாளை வட்டமிட்டுக் காட்டுங்கள். கடைசி இரண்டு சந்திப்புகளுக்குப் புதிய பணியாளரையும் உடன் கூட்டிப்போய், குழந்தைக்கு எதெல்லாம் பிடிக்கும், எதற்குப் பயம் என்று குழந்தையின் முன்னாலேயே அவரிடம் சொல்லுங்கள். அன்று குழந்தை உங்களோடு பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டால் சமாதானப்படுத்தப் போகாமல், "கோவமா இருக்கியா, இருக்கலாம்பா" என்று சொல்லிவிட்டு அங்கேயே சற்று நேரம் உட்கார்ந்திருங்கள். புதிய பணியாளரிடம் ஒப்படைக்கும் கோப்பின் முதல் பக்கத்தில், முகவரிக்கும் வழக்கு எண்ணுக்கும் மேலே, பயந்தால் இந்தக் குழந்தை தேடும் ஆளின் பெயரையும் போன் எண்ணையும் எழுதி, அந்த எண் இன்னும் வேலை செய்கிறதா என்று ஒருமுறை அழைத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.